தலைவர்தான் வழிய மாத்தச் சொன்னாரு

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. வகுப்பில் நாற்காலி இருந்தும் நடந்துகொண்டேதான் பாடம் சொல்லிக்கொடுப்பேன். கல்யாண வீட்டில் பந்தி முடிவதற்குள் எழுந்துவிடுவேன். அப்படிப்பட்டவள் ஒரு முழுப் படத்தையும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன் என்றால் அதற்கு அண்ணன்தான் காரணம். அவர் பக்கத்தில் இருந்தார். நான் எழுந்தால் அவர் முகம் வாடிப்போகும்.

படம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எடுத்தது. டயகமப் பக்கத்தில் இருக்கிறது தோட்டம். நான் பிறந்து வளர்ந்தது அங்கே. இப்போது ஹட்டனில் வீடு, ஹட்டனில் ஆசிரியர் வேலை. கொழும்பிலிருந்து வேன்களில் வந்து இறங்கிய படக்காரர்களுக்கு அண்ணன்தான் ஓடி ஓடி எல்லாம் செய்து கொடுத்தார். தங்க இடம் பார்த்தார், சமைக்க ஆள் பிடித்தார், மழை வந்தால் கமெராவுக்குத் தறப்பாள் பிடிக்கக்கூடத் தயாராக நின்றார். ஏனென்றால் அண்ணன் அந்தத் தோட்டத்தின் தலைவர்.

தலைவர் என்றதும் மாலை போட்டுக்கொண்டு ஜீப்பில் வருகிறவரை நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் தொழிற்சங்கத்துக்கு ஒரு தலைவர் இருப்பார். அவரும் மற்றவர்களைப் போல மலையில் வேலை செய்கிறவர்தான். தோட்டத்தை நடத்தும் துரையிடம் போய்ப் பேசுவது, புருஷன் பெண்டாட்டி சண்டையை விலக்குவது, செத்த வீட்டுக்குப் பந்தல் போடுவது, எல்லாம் அவர் தலையில்தான் விழும். அரசியல்வாதியை நாங்கள் மந்திரி என்போம், எம்.பி. என்போம், முகத்துக்கு நேரே ஐயா என்போம். வெறுமனே தலைவர் என்றால் அது எங்கள் அண்ணன்தான். கொழும்பில் உட்கார்ந்து வசனம் எழுதியவருக்கு இது எங்கே தெரியப்போகிறது.

படம் முடிந்ததும் தோட்டத்துக்குக் கொண்டுவந்து போட்டுக் காட்டுகிறோம் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். சொன்னபடியே ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூட மண்டபத்து ஜன்னல்களைக் கறுப்புப் பொலித்தீனால் மூடி, சுவரில் வெள்ளைத் துணி கட்டினார்கள். அண்ணன் கோயில் திருவிழாவுக்கு மட்டும் எடுக்கும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் அண்ணி, மறுபக்கம் நான். எங்களுக்குப் பின்னால் வலப்புறம் மேட்டு லயத்துச் சனம், இடப்புறம் பணிய லயத்துச் சனம். லயம் என்றால் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். மேட்டில் இருப்பது மேட்டு லயம், அண்ணன் வீடு அங்கேதான். கோயிலுக்குக் கீழே பள்ளத்தில் இருப்பது பணிய லயம். ஒரே தோட்டம்தான், ஆனால் யாரும் இடம் மாறி உட்கார மாட்டார்கள்.

கதை இதுதான். பெரிய அரசியல்வாதி ஒருவர் மலைநாட்டுக்குக் கூட்டம் பேச வருகிறார். தேயிலைக்கு நடுவில் ரோடு திரும்பும் ஒரு முடக்கில் வைத்து அவரைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். விசாரிக்கக் கொழும்பிலிருந்து ஒரு துப்பறியும் அதிகாரி வருகிறார். வரும்போதே கறைபடிந்த கையோடுதான் வருகிறார். கொன்றவர்கள் அவரிடம் ஒரு பார்சலை நீட்டி, "சின்ன சந்தோசம், வச்சுக்கங்க" என்கிறார்கள். யாராவது தோட்டத்துப் பையனைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டு விஷயத்தை முடித்துவிட வேண்டும், அதுதான் பேச்சு.

அந்த 'சந்தோசம்' வந்ததும் மண்டபம் சிரித்தது. அது எங்களுக்குப் பழகிய சொல். லஞ்சம் என்று இங்கே யாரும் வாயால் சொல்வதில்லை, கேட்கிறவரும் சொல்வதில்லை, கொடுக்கிறவரும் சொல்வதில்லை. சந்தோசம் என்போம். சிங்களத்திலும் அதே சொல்தான். நம்மிடமிருந்து போன சொல் அங்கே போய் நன்றாகத் தொப்பை போட்டிருக்கிறது.

படத்தின் பாதியில் ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணை அந்த அதிகாரி விசாரிக்கிறார். நடித்தது பணிய லயத்து அக்கா ஒருவர். சினிமாக்காரி இல்லை, உண்மையிலேயே கொழுந்து பறிக்கிறவர்தான். வாய் நீளம், மனசு தங்கம், கோபம் வந்தால் கங்காணியும் ஓடவேண்டும். படம் எடுத்த சமயம் அவருக்கு இடது கை முறிந்து கட்டுப் போட்டிருந்தது. கொழுந்துச் சாக்கோடு பணிய லயத்துச் சரிவில் வழுக்கி விழுந்த கை அது. கட்டோடு வேடிக்கை பார்க்க வந்தவரைப் பிடித்து, கட்டோடேயே நடிக்கச் சொல்லிவிட்டார் இயக்குநர்.

"அன்னைக்கு வண்டி ஏன் இந்தப் பக்கம் வந்துச்சு?" என்று படத்தில் அதிகாரி கேட்கிறார்.

அக்கா அவரை முறைத்துப் பார்க்கிறார். முறிந்த கையை நல்ல கையால் தாங்கிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் கடித்துத் துப்புகிற மாதிரிச் சொல்கிறார்:

"தலைவர்தான் வழிய மாத்தச் சொன்னாரு."

படத்தில் அதற்கு அர்த்தம் வேறு. செத்துப்போன அரசியல்வாதிதான் தலைவர். அவரே கடைசி நேரத்தில் பாதையை மாற்றச் சொன்னார் என்றால், புதுப் பாதை கொலைகாரர்களுக்கு எப்படித் தெரிந்தது, உள்ளுக்குள் யார் காட்டிக்கொடுத்தது என்று கதை அதிலிருந்துதான் திரும்புகிறது. கொழும்பில் பார்த்தவர்கள் அந்த இடத்தில் மூச்சைப் பிடித்திருப்பார்கள்.

எங்கள் மண்டபத்தில் விசில் பறந்தது. பணிய லயத்துப் பக்கமிருந்து முதல் விசில், பிறகு சிரிப்பு, பிறகு கைதட்டல். திரையில் கதை ஓடிக்கொண்டிருந்தது, அதை யாரும் பார்க்கவில்லை. எல்லாத் தலையும் முன்வரிசைப் பக்கம் திரும்பியிருந்தது. அண்ணன் எழுந்து, பின்னால் திரும்பி, எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். தன் ஏற்பாடுகளுக்குத்தான் கைதட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டார் பாவம் என்றுதான் எனக்குத் தோன்றியது. சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

ஏன் சிரித்தார்கள் என்று சொல்கிறேன். எங்கள் தோட்டத்திலும் ஒரு வழி மாறியிருந்தது. படம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பு பணிய லயத்துச் சரிவுக்குக் கொங்கிரீட் பாதை போட அனுமதி வந்தது. அப்போது கோயிலடிவரைதான் நல்ல ரோடு. அங்கிருந்து கீழே பணிய லயத்துக்கு மண்சரிவு, மேலே மேட்டு லயத்துக்குக் கல்லு ரோடு. மழை பெய்தால் பணிய லயத்திலிருந்து சீக்காளியைக் கம்பளியில் போட்டுத்தான் தூக்கி வருவார்கள். பாதை வருகிறது என்று அவர்கள் பொங்கல் வைத்துவிட்டார்கள். மணலும் கல்லும் கீழே வந்து இறங்கின. பிறகு ஒருநாள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு மேலே போனார்கள். பாதை மேட்டு லயத்துக்குப் போய், அண்ணன் வீட்டு வாசலில் முடிந்தது. அதன்பிறகு என் கார் அந்த வாசல்வரை சொகுசாக ஏறிப்போனது.

தலைவர் சந்தோசம் வாங்கிவிட்டார் என்று அப்போதே ஒரு முணுமுணுப்பு இருந்ததாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த முணுமுணுப்புக்கு இந்தப் படம் ஒரு வசனம் எழுதிக் கொடுத்துவிட்டது.

படத்தின் முடிவையும் சொல்லிவிடுகிறேன், அது எனக்குப் பிறகு வேண்டியிருந்தது. அதிகாரி நூலைப் பிடித்துக்கொண்டு போகப் போக, அது அவர் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறது. புதுப் பாதை எது என்று கொலைக்கு முன்பு யாரோ அவரிடம் போனில் கேட்டிருக்கிறார்கள். எதற்கு என்று கேட்காமல், ஒரு சந்தோசத்துக்காக அவர்தான் சொல்லியிருக்கிறார். அது அவருக்குப் புரிகிறது. வெளியே வருகிறார். பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். "விசாரணை முடிஞ்சிருச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுகிறார். அவ்வளவுதான் படம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தெரிஞ்சுக்கிட்டே வாய மூடிக்கிட்டுப் போறான் பாருங்க அண்ணி, இவனெல்லாம் ஒரு மனுசனா?" என்று மண்டபத்துக்கு வெளியே நின்று கத்தினேன். அண்ணியின் கண் அண்ணன் மேலேயே இருந்தது.

அடுத்த வாரத்திலிருந்து அந்த வசனம் தோட்டம் முழுக்க ஓடியது. யாரோ அந்தத் துண்டை மட்டும் போனில் பிடித்து அனுப்பியிருந்தார்கள். இளவட்டங்கள் அதையே போன் மணியாக வைத்துக்கொண்டார்கள். அண்ணன் கடைக்குப் போனால் ஒரு போன் கத்தும். மலைக்குப் போனால் தேயிலைக்கு நடுவிலிருந்து இன்னொரு போன் கத்தும். ஹட்டன் சந்தையில் நான் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற ஒருவரின் சட்டைப் பையிலிருந்து அக்காவின் குரல் வந்தது: தலைவர்தான் வழிய மாத்தச் சொன்னாரு. தக்காளியை அப்படியே போட்டுவிட்டு நடந்தேன்.

அண்ணி போன் எடுத்துச் சொன்னதுதான் என்னைக் கிளப்பியது.

"பெரட்டுக்களத்துல ஒங்க அண்ணன்கிட்ட யாரும் பேசுறதில்லமா. காலைல பேர் கூப்பிடுற எடம், எல்லாரும் நிக்கிற எடம். இவரு போய் நின்னா வெலகிப் போறாங்க. அடுத்த மாசம் தலைவரு தெரிவு வருது. அது போனாப் போகுது. மனுசன் சோத்துல கைய வச்சுக்கிட்டு அப்பிடியே உக்காந்திருக்காரு."

எனக்கு அண்ணனைத் தெரியும். என்னைப் படிக்க வைக்க அவர் பள்ளிக்கூடத்தை விட்டவர். ஒரு வெற்றிலைகூட அடுத்தவரிடம் வாங்கிப் போடாதவர். இந்தக் கதையை நானே விசாரித்து, பொய் என்று நிரூபித்து, அந்தப் போன் மணிகளை எல்லாம் ஊமையாக்குகிறேன் என்று கிளம்பினேன். விசாரணை அதிகாரிக்கு முடிவு முதலிலேயே தெரிந்திருக்கக் கூடாது என்ற சின்ன விஷயம் அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

முதலில் பணிய லயத்து அக்காவிடம் போனேன். காரைக் கோயிலடியில் விட்டுவிட்டுச் சரிவில் இறங்கினேன். அன்று மழை இல்லை, இருந்தும் இரண்டு இடத்தில் வழுக்கியது. அக்கா வாசலில் உட்கார்ந்து விறகு கட்டிக்கொண்டிருந்தார். கட்டு எடுத்துவிட்டார்கள், ஆனால் கை நேராகவில்லை. மணிக்கட்டு ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

"வாங்க டீச்சர், வாங்க. படத்த பத்தித்தானே?"

"அக்கா, அந்த வசனத்துல தலைவர்னு சொன்னது செத்துப்போன மந்திரிய. ஒங்களுக்கு அது தெரியும்தானே?"

"தெரியும். டைரக்டரு சொன்னாரு."

"அப்ப சனங்க தப்பா வெளங்கிக்கிட்டு எங்க அண்ணன..."

"டீச்சர்," என்று விறகைக் கீழே வைத்தார். "மொதல்ல சொன்னப்ப டைரக்டருக்குப் புடிக்கல. கோவம் பத்தாது, மறுபடி சொல்லுங்க, மறுபடி சொல்லுங்கன்னாரு. எனக்கு அந்த மந்திரியவா தெரியும்? அவர் மேல எனக்கு என்ன கோவம்? கடைசில நம்ம தலைவர நெனச்சேன். இந்தக் கைய நெனச்சேன். சொன்னேன். டைரக்டரு எந்திரிச்சு நின்னு கை தட்டுனாரு."

யாரும் தப்பாக விளங்கிக்கொள்ளவில்லை. தோட்டத்துச் சனம் மிகச் சரியாகத்தான் விளங்கிக்கொண்டிருக்கிறது. தப்பாக விளங்கிக்கொண்டவர்கள் கொழும்பில்தான் இருக்கிறார்கள்.

"எங்க அண்ணன் சந்தோசம் வாங்கியிருக்க மாட்டாரு அக்கா."

"விசாரிங்க டீச்சர். விசாரிச்சிட்டு எங்கிட்ட வந்து சொல்லுங்க. வாங்கலன்னா இந்தக் கையாலேயே கும்பிட்டு மன்னிப்புக் கேக்குறேன்."

பாதை போட்ட கொந்தராத்துக்காரருக்குத் தலவாக்கலையில் ஒரு சீமெந்துக் கடை. சிங்களவர், மரியாதையான மனிதர். நான் தலைவரின் தங்கை என்று சொல்லாமல், தோட்டத்துப் பிள்ளைகள் பாதை கேட்கிறார்கள் என்று ஏதோ உளறி ஆரம்பித்தேன். அவர் பால் போடாத பிளேன்டி வரவழைத்தார். நான் உட்காராமல் கடைக்குள் சீமெந்து மூட்டைகளைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். மேல் பக்கம் போடச் சொன்னது யார் என்று சிங்களத்தில் கேட்டேன்.

தலைவர்தான் வந்து கேட்டார் என்றார் அவர், யோசிக்காமல். மேலே வேலையும் சுலபம், தோட்டமும் ஒன்றுதான் என்று தானும் சரி சொல்லிவிட்டாராம்.

"அதுக்கு நீங்க அவருக்கு..." என்று இழுத்தேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் கொஞ்சம் சிவந்தது. "சந்தோசமக் கத்தே நே, மிஸ்," என்றார். சந்தோசம் எதுவும் வாங்கவில்லை. கொடுக்கப்போனபோது தலைவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாராம்.

டயகமவுக்கு ஏறும் ரோட்டில் நான் பாட்டுப் பாடிக்கொண்டு போனேன். வாங்கவில்லை! கொடுத்தவர் வாயாலேயே வந்துவிட்டது. தாம் தூம் என்று போய் அண்ணன் வாசலில் இறங்கினேன். பிறகுதான், காரின் கதவைச் சாத்தும்போது, கால் கீழே வழுவழுப்பான கொங்கிரீட்டில் பட்டது. வாங்கவில்லை, சரி. ஆனால் மாற்றச் சொன்னது அவர்தான். பிறகு எதற்கு மாற்றச் சொன்னார்?

அண்ணன் வழக்கம்போல வாளியோடும் பழைய துணியோடும் வந்தார். நான் எப்போது வந்தாலும் காரின் சேற்றைத் துடைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டார். மெலிந்திருந்தார். சட்டைக் கழுத்து தொளதொளத்தது.

"சீமெந்துக் கடைக்காரரப் பாத்துட்டு வர்றேன் அண்ணே."

"ம்."

"வழிய மாத்தச் சொன்னது நீங்கதானாம்."

"நான்தான்." துணியைப் பிழிந்தார். "இந்தப் பக்கத்து டயர்ல ஒரே சேறு."

"அண்ணே! ஏன்னு கேக்குறேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. டயரைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"அம்மாவோட கருமாதிக்கு வந்தியே, ஞாபகம் இருக்கா? கல்லு ரோட்டுல காரு அடி தட்டி நின்னுருச்சு. மழை. பட்டுச்சீலையோட நின்னு கத்துன. இனிமே இந்தத் தோட்டத்துக்கு என் காலு வராதுன்ன."

"அது கோவத்துல சொல்றது."

"தீவாளிக்கு வரல. பொங்கலுக்கு வரல. சித்திர வருசத்துக்கும் வரல. ஒங்க அண்ணி ஒவ்வொரு தடவையும் ஒனக்கும் சேத்துத்தான் பலகாரம் சுட்டா."

வேலை இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். வேலை இருந்ததா, அந்தக் கல்லு ரோட்டை நினைத்துத்தான் வராமல் இருந்தேனா என்று எனக்கே நிச்சயமில்லை.

"அம்மாவும் இல்ல. நீயும் வரலன்னா நமக்குன்னு யாரு இருக்கா? அந்த நேரம் பார்த்துப் பாதை வந்துச்சு. போய்க் கேட்டேன்." துணியை வாளியில் போட்டார். "சந்தோசம் வாங்கிட்டேன்னு சொல்றாங்க. வாங்கினேன்தான் தங்கச்சி. கொங்கிரீட்டு காஞ்ச ஒடனே நீ காரோட வாசல்ல வந்து எறங்குன. அதுதான் நான் வாங்கின சந்தோசம்."

இதைக் கேட்டு நான் உருகிப்போயிருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். யார் கேட்டது உங்களை? கம்பளியில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் அந்தச் சனம், அவர்கள் வழியைப் பிடுங்கி என் காருக்குப் போட நான் சொன்னேனா? எல்லாவற்றையும் கொட்டினேன். அண்ணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

"தப்புத்தான்," என்றார் அண்ணன். "அந்தப் பணிய லயத்துப் புள்ளக்கிக் கை ஒடிஞ்சதுலருந்து எனக்குத் தூக்கம் சரியில்ல. படத்துல அது சொன்னப்பவே எனக்கு வெளங்கிருச்சு, என்னத்தான் சொல்லுதுன்னு."

"அப்பறம் ஏன் எந்திரிச்சு நின்னு சிரிச்சீங்க?"

"வேற என்ன செய்யிறதுன்னு தெரியல."

ஆக, அந்த மண்டபத்தில் விவரம் புரியாமல் இருந்தவள் நான் ஒருத்திதான். அண்ணனைப் பாவம் என்று நினைத்துச் சட்டையைப் பிடித்து இழுத்தவள்.

"இப்ப நீ என்ன செய்யப் போற?" என்று கேட்டார்.

வீட்டைச் சுற்றி வந்தேன். அண்ணி கொடுத்த தேத்தண்ணீர் ஆறிப்போனது. வேறு ஒன்று போட்டுக் கொடுத்தார், அதுவும் ஆறிப்போனது. செய்வதற்கு மிகச் சுலபமான ஒரு காரியம் இருந்தது. கொந்தராத்துக்காரர் சொன்னதை மட்டும் போய்ச் சொன்னால் போதும். தலைவர் ஒரு சதம் வாங்கவில்லை, கொடுத்தும் வாங்கவில்லை. அதில் ஒரு சொல் பொய்யில்லை. அண்ணன் பெயர் மீண்டுவிடும், அடுத்த மாசம் அவரே தலைவராக வந்துவிடுவார், அக்கா அந்தக் கோணல் கையால் என்னைக் கும்பிடுவார். பாதியைச் சொல்லிவிட்டுப் பாதியை விழுங்க வேண்டியதுதான். விசாரணை முடிஞ்சிருச்சு. படத்தில் அந்த ஆளைப் பார்த்து எப்படிக் கத்தினேன்! அவனும் காரில் ஏறுவதற்கு முன் இப்படித்தான் சுற்றிச் சுற்றி நடந்திருப்பான் போல.

பொழுது சாய்வதற்குள் கிளம்பிப் பணிய லயத்துக்கு இறங்கினேன். இந்தத் தடவை தூறல். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தேயிலைச் செடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். அப்படியும் ஒரு இடத்தில் வழுக்கிக் குந்திவிட்டேன். சேலையெல்லாம் சேறு. தண்ணீர் விழும் பீலியடியில் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"என்ன டீச்சர் இது கோலம்! துப்புக் கெடச்சுதா?"

"கெடச்சுது."

"வாங்கினாரா, இல்லையா? சுத்தி வளைக்காம சொல்லுங்க."

இல்லை என்ற சொல் நாக்கு நுனியில்தான் இருந்தது. அவர் சாய்ந்த மணிக்கட்டில் சோப்பு நுரை வழிந்துகொண்டிருந்தது.

"வாங்கினாரு அக்கா. குடுத்தவ நான்."

அவருக்கு விளங்கவில்லை. சொன்னேன். கருமாதி, மழை, கார், வராமல் போன தீபாவளி, பொங்கல், எல்லாம் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் கழுவுவதை நிறுத்திவிட்டார்.

"ஒங்க காருக்கா?" என்றார் கடைசியில்.

"என் காருக்கு."

நன்றாகத் திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. அவர் திட்டவில்லை. பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தார்.

"இங்க எங்கிட்ட மெதுவாச் சொல்லிட்டுப் போறது லேசு டீச்சர். நாளைக்குப் பெரட்டுக்களத்துல வந்து சொல்லுங்க. படத்துல நான் சொன்ன மாதிரி, எல்லாருக்கும் கேக்குற மாதிரி."

அன்று அண்ணன் வீட்டில் தங்கினேன். நாளைக்குப் பெரட்டுக்களத்தில் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன், உங்கள் பதவி போகும் என்று சாப்பிடும்போது அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே தலையாட்டினார். ஆனால் அண்ணி வைத்த இரண்டாம் தடவைச் சோற்றை வேண்டாம் என்று சொல்லவில்லை.

விடிந்ததும் காரைக் கோயிலடிக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். இனி அது அங்கேதான் நிற்கும். அங்கிருந்து பெரட்டுக்களத்துக்கு நடந்தேன். என்ன சொல்லித் தொடங்குவது என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். எந்தத் தொடக்கமும் சரியாக வரவில்லை. ஆட்கள் இடுப்பில் கட்டும் படங்கும் கூடையுமாக வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். யாருடைய போனோ அந்த வசனத்தைக் கத்தியது, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பணிய லயத்து அக்கா முன்னால் நின்றார், என்னைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சனம் இரண்டாக விலகியது. அண்ணன் வந்துகொண்டிருந்தார். வேலைக்குப் போகிற உடுப்பு இல்லை, படம் பார்க்கப் போட்டுக்கொண்டு வந்த அதே வெள்ளைச் சட்டை. நேரே நடுவில் போய் நின்றார். என்னைப் பார்த்து, பொறு என்பதுபோல் ஒரு கையைக் காட்டினார்.

"தலைவர்தான் வழிய மாத்தச் சொன்னாரு," என்றார், அக்கா சொன்ன அதே இழுவையில், கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி.

யாரும் விசிலடிக்கவில்லை.

"அந்தத் தலைவர் நான்தான். எதுக்கு மாத்தினேன்னு சொல்றேன். கேட்டுட்டு, ஒங்களுக்கு வேற தலைவரு வேணும்னா தெரிஞ்செடுத்துக்கங்க."

நான் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.